மூன்று வீடுகள்: லூத்தரின் நினைவு இல்லங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

பெரியோர் பிறந்த வீட்டையும் வாழ்ந்த வீட்டையும் பேணிக் காத்துப் பின்வரும் தலைமுறைக்குக் காட்டுவது எல்லா நாட்டு மக்களிடத்தும் காணப்படும் வழக்கமாகும். வாசற்படியையும் அடுப்படியையும் கட்டிலையும் காணும்போது, நூல்களில் வெறும் பெயராக இருந்தவர் நம்மைப்போல் உண்டு உறங்கி நோயுற்ற மனிதராக நம் முன் வந்து நிற்கிறார். வார்த்தை மாம்சமானதை அறிக்கையிடுகின்ற திருச்சபை, இடத்தையும் பொருளையும் அற்பமானவை என்று தள்ளிவிட இயலாது.

ஆயினும் சீர்திருத்தத் திருச்சபையாராகிய நமக்கு இவ்வழக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் சாக்சனிக் கோமகன் ஞானி பிரெடரிக் சேர்த்து வைத்திருந்த புனிதர் எச்சங்கள் 1520ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 19,000 என்ற எண்ணிக்கையை எட்டியிருந்தன. அவற்றைத் தரிசித்துக் காணிக்கை செலுத்துவோருக்குப் பாவத் தண்டனையிலிருந்து விலக்கு வாக்களிக்கப்பட்டது. அதே நகரிலிருந்துதான் 1517இல் மார்ட்டின் லூத்தர் குரலெழுப்பினார். 1537இல் அவர் வரைந்த ஸ்மால்கால்ட் கோட்பாடுகள் எச்ச வணக்கத்தை முற்றிலும் புறக்கணித்தன. எலும்பையும் துணியையும் வணங்குவதைக் கண்டித்தவருடைய கட்டிலையும் துணியையும் நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காண்பது எவ்வாறு பொருந்தும்? இக்கேள்வியை எழுப்பாமல் லூத்தரின் வீடுகளுக்குச் செல்லும் சீர்திருத்தச் சபையார், தாம் விட்டுவந்த பழைய யாத்திரையையே புதிய பெயரில் மேற்கொள்ளுகிறார் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஜெர்மனியின் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில், ஒன்றுக்கொன்று சிறு தொலைவிலேயே, லூத்தரின் வாழ்வோடு தொடர்புடைய மூன்று நினைவு இல்லங்கள் இருக்கின்றன. ஐஸ்லேபன் நகரில் அவர் பிறந்த வீடு என்றும் இறந்த வீடு என்றும் வழங்கும் இரண்டு. அருகிலுள்ள மான்ஸ்பெல்ட் என்னும் சிற்றூரில் அவர் வளர்ந்த தந்தையின் வீடு ஒன்று. ஐஸ்லேபனின் இரு வீடுகளும் விட்டன்பர்க் நினைவிடங்களுடன் 1996இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இம்மூன்றையும் நாம் இங்கே ஆராய முற்படுவது பயணக் குறிப்பு எழுதும் நோக்கத்தோடு அன்று. நினைவு இல்லம் என்பதும் ஒரு பிரசங்கமே. அதற்கும் பொருள் உண்டு, கேட்போர் உண்டு, சொல்லாமல் விடப்படும் பகுதிகளும் உண்டு. ஆகவே பிரசங்கத்தை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ அதே அளவுகோலால் இவ்வில்லங்களையும் அளப்பது தகும். அது மெய்யைச் சொல்லுகிறதா? கேட்போரை அயலாரிடத்திற்கு அனுப்புகிறதா? இவ்விரண்டும் இல்லாத நினைவு, எத்துணை அழகுற அமைந்திருப்பினும், எச்ச வணக்கத்தின் மறுவடிவமே என்பது நம் துணிபு.

1. பிறந்த வீடு

லூத்தர் 1483ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் ஐஸ்லேபனில் பிறந்தார் என்றும், மறுநாள் தூய மார்ட்டின் திருநாளில் திருமுழுக்குப் பெற்று அப்பெயரைச் சூடினார் என்றும் நாம் கற்பிக்கிறோம். இதிலும் ஓர் ஐயம் உண்டு. நாளும் நாழிகையும் நினைவிலிருப்பினும் ஆண்டு திட்டமாக நினைவிலில்லை என்று தாயார் கூறியதை லூத்தரின் உடன் ஊழியரான மெலாங்தன் பதிவு செய்திருக்கிறார். குடும்பம் அவ்வூரில் நெடுங்காலம் தங்கவுமில்லை. 1484இல், குழந்தை நடைபயிலும் முன்னரே, பெற்றோர் மான்ஸ்பெல்ட்டுக்குக் குடிபெயர்ந்தனர்.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. 1689இல் ஐஸ்லேபனில் ஏற்பட்ட பெருந்தீயில் அவ்வீடு பெரும்பாலும் அழிந்தது. நகர மன்றத்தார் நன்கொடை திரட்டி அவ்விடத்திலேயே புதிய கட்டடம் எழுப்பி, 1693இல் அதனை நினைவு இல்லமாகத் திறந்தனர். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளின் மிகப் பழமையான அருங்காட்சியகங்களுள் அது ஒன்றாக எண்ணப்படுகிறது. எனவே இன்று அங்குச் செல்வோர் காண்பது, லூத்தர் பிறந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த வீட்டையே. அவர் பிறந்த அறையைத் தொட்டுப் பார்க்க விரும்பிச் செல்வோருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம்.

ஆனால் அத்தீயிலிருந்து எழுந்த இரண்டு விளைவுகளை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. முதலாவது, அவ்வீட்டிலிருந்த லூத்தரின் உருவப்படம் மட்டும் எரியாமல் தப்பியது என்னும் செய்தி. அது அற்புதமாகப் பரவிற்று. எரியாத லூத்தர் என்னும் இத்தகைய கதைகள் பல ஊர்களிலும் அக்காலத்தில் வழங்கியதை வரலாற்றறிஞர் இராபர்ட் ஸ்கிரிப்னர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக் காட்டியுள்ளார். புனிதர் வணக்கத்தை வாயிலிலே நிறுத்திய சபை, அதனைப் பின்வாசல் வழியே உள்ளே அழைத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது விளைவு, நகர மன்றத்தார் அப்புதிய கட்டடத்தில் நினைவு மண்டபத்தோடு ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியொன்றையும் அமைத்தது. 1524இல் லூத்தர் ஜெர்மனியின் நகர மன்றத்தாருக்குப் பள்ளிகளை நிறுவுமாறு வேண்டுகோள் விடுத்து எழுதியிருந்தார். அக்கட்டளைக்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரை எழுதப்பட்டிருக்க முடியாது. மேலே நினைவு, கீழே எழுத்தறிவு. மேலே மறைந்தவரின் படம், கீழே உயிரோடிருக்கும் பிள்ளையின் பலகை. ஒரே தீயிலிருந்து ஓர் அற்புதக் கதையும் ஒரு பள்ளியும் பிறந்தன. கதை இன்று ஆய்வாளருக்கு மட்டுமே பயன்படுகிறது. பள்ளியோ தலைமுறை தலைமுறையாக ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்தது. பழைய சுவர் அழிந்தும் நினைவு அழியவில்லை என்று சொல்லத்தக்க இடம் இதுவே.

2. வளர்ந்த வீடு

லூத்தர் ஏழைச் சுரங்கத் தொழிலாளியின் மகன் என்பது நம் பிரசங்க பீடங்களில் நன்கு வேரூன்றிய கூற்று. ஞாயிறு பள்ளிப் பாடங்களிலும் சீர்திருத்தத் திருநாள் அருளுரைகளிலும் அது தவறாது இடம் பெறுகிறது. குடிசையிலிருந்து கோபுரத்திற்கு என்னும் அமைப்பு நம் செவிக்கு இனியது. அதற்கு ஆதாரமும் இல்லாமலில்லை. தம் தந்தை இளமையில் வறியவராயிருந்ததையும், தாய் விறகைத் தம் முதுகில் சுமந்து வந்ததையும், சிறு பிழைக்கும் வீட்டில் கடுந்தண்டனை கிடைத்ததையும் லூத்தரே தம் மேசையிலிருந்தோரிடம் கூறியிருக்கிறார்.

2003இல் மான்ஸ்பெல்ட் வீட்டின் முற்றப் பகுதியில் நிகழ்ந்த அகழ்வாய்வில் குப்பைக்குழி ஒன்று வெளிப்பட்டது. லூத்தரின் இளமைக் காலத்தில் அவ்வீட்டார் எறிந்த கழிவுகள் அதில் நிறைந்திருந்தன. ஆயிரக்கணக்கான விலங்கு எலும்புகள், சமையற் பாண்டங்களின் உடைசல்கள், கண்ணாடித் துண்டுகள், ஆடை அணிகள், ஊசிகள், வெள்ளிக் காசுகள், பிள்ளைகளின் கோலிக்குண்டுகள் ஆகியவை கிடைத்தன. எலும்புகளை ஆய்ந்தோர், இளம்பன்றி, வாத்து, கோழி, மீன் ஆகியவை அவ்வீட்டில் தாராளமாகச் சமைக்கப்பட்டன என்று கண்டனர். சிறு பாட்டுப் பறவைகளின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன. பிற்காலத்தில் தம் பணியாளர் பறவைகளுக்குக் கண்ணி வைத்ததைக் கண்டித்து, பறவைகளே முறையிடுவதுபோல் லூத்தர் நகைச்சுவையாக ஒரு மனு எழுதியதை அறிந்தோர், இங்கே புன்னகை செய்யாமலிருக்க இயலாது. இது வறியவர் வீட்டு உணவன்று. அவ்வீடும் குடிசையன்று, தெருவை நோக்கிய முகப்பும் முற்றமும் துணைக்கட்டடங்களும் உடைய பெரிய மனை. இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு பகுதியே. அதன் எதிரே எழுப்பப்பட்ட புதிய கட்டடத்தோடு இணைந்த அருங்காட்சியகம் 2014இல் திறக்கப்பட்டது.

தந்தையாகிய ஹான்ஸ் லூடர் தூரிங்கியாவின் மேரா என்னும் சிற்றூர் உழவர் குடியில் தோன்றியவர். தாய் மார்கரெத்தா, ஐசனாக் நகரின் லிண்டமன் என்னும் நகர்க்குடியைச் சார்ந்தவர். மான்ஸ்பெல்ட்டில் ஹான்ஸ் செம்பு உருக்காலைகளை நடத்தும் அதிபராக உயர்ந்தார். 1491க்குள் நகர மன்றத்தில் குடிகளின் சார்பாளருள் ஒருவராகவும் அமர்ந்தார். உண்மையில் குப்பைக்குழி தோண்டப்படும் முன்பே ஏடுகள் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. 1507இல் லூத்தர் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றியபோது, தந்தை இருபது குதிரைகளுடன் எர்ஃபர்ட்டுக்கு வந்து, மடத்தின் அடுக்களைக்கு இருபது குல்டன் காசு வழங்கினார் என்னும் நிகழ்ச்சியையும் அதே பிரசங்க பீடங்களில் நாம் கூறுகிறோம். ஏழைத் தொழிலாளி இருபது குதிரைகளோடு வருவது எங்ஙனம் என்று கேட்பார் இல்லாமற்போயினர். இரு கதைகளும் வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லப்பட்டமையால் ஒன்றையொன்று சந்திக்கவில்லை போலும்.

லூத்தர் பொய் கூறினார் என்று இதனால் பெறப்படாது. குடும்பத்தின் தொடக்க ஆண்டுகள் கடினமானவையே. கடன் தொல்லை செம்புத் தொழிலில் பிற்காலத்திலும் நீங்கவில்லை. பிள்ளைப்பருவத்தின் வடுக்கள் செல்வம் வந்த பின்னும் நெஞ்சில் நிற்பது இயல்பு. மேலும் தம்மை உழவர் மரபினன் என்று சொல்லிக்கொள்வதில், பட்டமும் பதவியும் உடையோர் முன் தம் நிலையைத் தாழ்த்திக் காட்டும் நோக்கமும் அவருக்கு இருந்தது. பிழை நம்முடையது. அவர் ஒரு சூழலில் கூறியதை நாம் முழு வாழ்வின் சுருக்கமாக்கினோம்.

மெய் வெளிப்பட்டதால் பிரசங்கம் வலுவிழந்துவிட்டதா? வலுப்பெற்றது என்பதே நம் கருத்து. 1505 ஜூலையில் அவர் எர்ஃபர்ட் மடத்தில் புகுந்தபோது இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஏழையாகப் புகவில்லை. சட்டம் பயின்று குடும்பத் தொழிலின் வழக்குகளையும் ஒப்பந்தங்களையும் காப்பார் என்று தந்தை பொருள் செலவிட்டுப் படிக்கவைத்த மகன் அவர். தந்தையின் கடுஞ்சினம் அக்கணக்கை வைத்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. வலைகளையும் தகப்பனையும் விட்டுச் சென்ற சீடர்களின் வரலாறு இங்கே புதிய கூர்மை பெறுகிறது. தந்தையின் சினத்திற்கும் கடவுளின் சினத்திற்கும் இடையே பல்லாண்டு தவித்த ஒரு மகனின் மனச்சான்றைப் புரிந்துகொள்ளவும் இவ்வீடு உதவுகிறது.

மற்றொன்றும் உண்டு. உருக்காலை அதிபர்கள் பெருவணிகக் கூட்டுகளிடம் முன்பணம் பெற்றே தொழில் நடத்தினர். செம்பு விலை தாழ்ந்தால் கடன் மேலோங்கும். 1524இல் வணிகத்தையும் வட்டியையும் பற்றி லூத்தர் கடுமையாக எழுதியபோது, நூலறிவோடு தந்தையின் வீட்டுக் கணக்கேட்டின் நினைவும் அவர் கையை இயக்கியிருக்கலாம் என்று கருதுவது மிகையாகாது. வட்டிக்கடனால் நசுங்கும் சபையாரிடையே ஊழியம் செய்யும் ஆயர்களுக்கு, ஏழை மகன் என்னும் கட்டுக்கதையைவிடக் கடன்பட்ட வீட்டு மகன் என்னும் மெய் எத்துணையோ அருகில் வருகிறது.

மண்பாண்டங்களில் பொக்கிஷம் என்று அப்போஸ்தலர் சொன்னதை நாம் உருவகமாக மட்டுமே விளக்கிப் பழகிவிட்டோம். மான்ஸ்பெல்ட்டில் உடைந்த மண்பாண்டங்களே ஒரு மெய்யைக் காத்து வைத்திருந்து, உரிய காலத்தில் சான்று பகர்ந்தன.

3. இறந்த வீடு

1546ஆம் ஆண்டு சனவரி இறுதியில், மான்ஸ்பெல்ட் பிரபுக்களிடையே நிலவிய பூசலைத் தீர்க்க லூத்தர் நோயுற்ற உடலோடு ஐஸ்லேபனுக்கு வந்தார். உடன்பாடு ஏற்பட்டது. பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில் அங்கேயே மரித்தார். அவ்வாண்டிலிருந்து இன்றுவரை அவர் இறந்த இடத்தின் நினைவு கடந்துவந்த வழி, நினைவு இல்லங்களைப் பற்றி எழுதும் எவருக்கும் எச்சரிக்கையாகும்.

முதலில், அவர் இறந்த கட்டில் என்று காட்டப்பட்டதிலிருந்து யாத்திரிகர் சிராய்களை உரித்துச் சென்று பல்வலிக்கு மருந்தாகப் பயன்படுத்தினர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இம்மூடப்பழக்கத்தை ஒழிக்கும் பொருட்டு அக்கட்டில் எரிக்கப்பட்டது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. சிலை வணக்கத்தை விட்டுத் திரும்புமாறு கடல் கடந்து நற்செய்தி வந்துகொண்டிருந்த அந்நாள்களில், அது புறப்பட்ட நாட்டில் லூத்தரின் கட்டில் பல்வலிக்கு மருந்தாயிருந்தது. இதை அறியும் தமிழ்த் திருச்சபையார் எவரையும் இகழ முற்படாமல், மனித இதயம் எங்கும் ஒன்றே என்று கற்றுக்கொள்வது நலம்.

அடுத்தது இதனினும் வியப்புக்குரியது. இறந்த வீடு என்று உலகம் சென்று காணும் வீட்டில் லூத்தர் இறக்கவில்லை. அவர் தங்கியிருந்த வீடு சந்தைத் திடலில் இருந்தது. அவ்விடத்தில் இன்று ஒரு விடுதி நடைபெறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஊர் வரலாறு எழுதியவர் ஒருவர், ஒரே குடும்பத்தில் தந்தைக்குரிய வீட்டையும் மகனுக்குரிய வீட்டையும் மாற்றிக் கருதியமையால், தூய அந்திரேயா ஆலயத்தின் அருகிலுள்ள வேறு வீடு இப்பெருமையைப் பெற்றது. 1860களில் பிரஷ்ய அரசு அதனை விலைக்கு வாங்கிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் பழைய பாணியில் புதிய தளவாடங்கள் செய்யப்பட்டு, இறந்த அறை என்று ஓர் அறை அமைக்கப்பட்டது. உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றிருப்பதும் இவ்வீடே.

எதற்காக இத்தனை முயற்சி? 1871இல் ஜெர்மன் பேரரசு அமைந்தபின், லூத்தர் திருச்சபையின் ஆசிரியராக மட்டும் இராமல் தேசத்தின் வீரராக ஆக்கப்பட்டார். 1883இல் அவருடைய நானூறாவது பிறந்த ஆண்டில் ஐஸ்லேபன் சந்தைத் திடலில் சிலை எழுந்தது. நாட்டிற்கு ஒரு நாடக மேடை தேவைப்பட்டது, வீடு அம்மேடையாயிற்று. நூறு ஆண்டுகள் கழித்து 1983இல், அதே ஊர் கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை ஆட்சியின் கீழ் இருந்தது. அவ்வரசின் தலைவர் எரிக் ஹோனெக்கரே லூத்தர் விழாக்குழுவுக்குத் தலைமை வகித்தார். 2017இல் ஐந்நூறாவது சீர்திருத்த ஆண்டைச் சுற்றுலாத் துறை பெரிதும் வரவேற்றது. பேரரசு, பொதுவுடைமை அரசு, சுற்றுலாச் சந்தை ஆகிய மூன்றும் தத்தம் தேவைக்கேற்ப ஒரே மனிதரை அழைத்தன. கற்களுக்கு எதிர்த்துப் பேசும் ஆற்றல் இல்லை. திருச்சபையும் வாய் திறவாதிருப்பின், வீடு எந்த எசமானுக்கும் ஊழியம் செய்யும்.

இவ்வில்லத்தை இன்று பேணுவோர் இப்பிழையை மறைப்பதில்லை என்பது பாராட்டுக்குரியது. 2013இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்ட காட்சி, லூத்தரின் இறுதிப் பயணத்தையும் சாவைப் பற்றிய அவர் போதனையையும் பொருளாகக் கொண்டது. அவருடைய சவப்பெட்டியின் மேல் விரிக்கப்பட்ட துணியும் அங்கே வைக்கப்பட்டுள்ளது. பிழையான வீட்டில் மெய்யான ஒரு துணி! இது அவ்வீடல்ல என்று ஓர் அருங்காட்சியகம் தன் வருகையாளரிடம் ஒப்புக்கொள்வது அறிவுலகின் நேர்மை மட்டுமன்று. இறையியல் நோக்கில் அது மனந்திரும்புதலின் தன்மையுடையது. வணங்குவதற்கு வருபவரை அது நிறுத்துகிறது. சிந்திப்பதற்கு வருபவரை உள்ளே அழைக்கிறது.

லூத்தர் மரித்த நிலையை அருகிலிருந்த யுஸ்துஸ் யோனாஸ் முதலியோர் மிகுந்த கவனத்தோடு எழுதி வைத்தனர். எதிரிகள் இழிவான வதந்திகளைப் பரப்புவர் என்று அவர்கள் அறிந்திருந்தனர். தாம் போதித்த கிறிஸ்துவிலும் அப்போதனையிலும் நிலைத்து மரிக்கின்றாரா என்று கேட்டபோது அவர் ஆம் என்று விடையளித்தார் என்பதே அக்குறிப்பின் மையம். அவர் எழுதிய இறுதிக் குறிப்போ, கடவுளின் முன் தம்மை வெறுங்கையராகிய இரவலர் வரிசையில் நிறுத்துகிறது. இரவலர் எந்தத் திண்ணையில் இறந்தார் என்பதைவிட, யாரை நம்பி இறந்தார் என்பதே சபைக்கு உரிய செய்தி.

4. வீடுகள் சொல்லத் தயங்குபவை

நினைவு இல்லத்திற்கு இயல்பாகவே ஒரு குறைபாடு உண்டு. வீடு வீட்டுக்காரரின் கதையையே முதலில் சொல்லும். மான்ஸ்பெல்ட் வீட்டில் சமைந்த வாத்தும் பன்றியும் செம்பினால் வாங்கப்பட்டவை. அச்செம்பைத் தந்த தாதுப்படலம் மிக மெல்லியது. அதை வெட்டுவோர் தாழ்ந்த குடைவுகளில் ஒருக்களித்துப் படுத்தபடியே நாள் முழுவதும் உளியால் கொத்தினர். கழுத்து கோணிப்போனவர்கள் என்ற பொருளில் அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரே வழங்கிற்று. அவர்களுடைய வீடுகள் எவையும் நினைவு இல்லமாகவில்லை. 1525ஆம் ஆண்டு உழவர் எழுச்சியின்போது தாமஸ் மூன்சர் மான்ஸ்பெல்ட் சுரங்கத்தாரையும் எழும்படி அழைத்தார். லூத்தரோ அவ்வட்டாரத்தில் பயணம் செய்து எழுச்சிக்கு எதிராகப் பேசினார். பின்னர் எழுச்சியாளரை வாளால் அடக்குமாறு எழுதவும் செய்தார். அந்நிலைப்பாட்டிற்கு அவருடைய இறையியலில் காரணங்கள் உண்டு; உருக்காலை அதிபரின் மகன் என்பதனால் மட்டும் அதை விளக்கிவிடுவது ஆழமற்ற ஆராய்ச்சியாகும். ஆயினும் அவ்வீட்டின் முற்றத்தில் நின்று அக்கேள்வியை எழுப்பாமல் திரும்புவதும் நேர்மையாகாது. யாருடைய மேசையில் நாம் வளர்ந்தோம் என்பது, யாருடைய கூக்குரலை நாம் கேட்கிறோம் என்பதை ஓரளவு நிர்ணயிக்கிறது. ஒடுக்கப்பட்டோரிடையே ஊழியம் செய்ய அழைக்கப்பட்டவர்கள் இதனை மறத்தலாகாது.

இறுதி நாள்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1546 பிப்ரவரியில் ஐஸ்லேபன் பிரசங்க பீடத்திலிருந்து லூத்தர் ஆற்றிய இறுதி உரைகளோடு, யூதரை நாட்டைவிட்டு அகற்ற வேண்டும் என்னும் எச்சரிக்கையொன்றும் இணைந்திருந்தது. இரவலராகக் கடவுள் முன் நின்றவரின் வாயிலிருந்தே அயலாரைத் துரத்தும் சொல்லும் சில நாள்களுக்கு முன் புறப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்த நூற்றாண்டுகளில் அச்சொல் எத்தகைய கைகளில் ஆயுதமாயிற்று என்பதை உலகம் அறியும். அவருடைய இறுதிப் பயணத்தை நினைவுகூர்வோர் சவப்பெட்டியின் துணியை மட்டும் விரித்துக் காட்டி, இதனைச் சுருட்டி வைத்தல் ஆகாது. நீதிமானாகவும் அதே வேளையில் பாவியாகவும் மனிதர் இருக்கின்றார் என்று கற்பித்தவர், தம் நினைவு இல்லத்திற்கும் அதே கோட்பாட்டைப் பொருத்துவதை மறுக்கமாட்டார்.

5. நமக்குரிய பாடம்

இவையாவும் தொலைதூர நாட்டுச் செய்திகள் என்று தள்ளிவிட முடியாதபடி, இவ்வில்லங்களுக்கும் நமக்கும் மெய்யான உறவொன்று உண்டு. ஐஸ்லேபனுக்கு அருகிலுள்ள ஹாலே நகரில் பயின்ற சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் நாள் புளூட்சோவுடன் தரங்கம்பாடியில் கரையேறினார். அவர் வாழ்ந்த வீடும் புதுப்பிக்கப்பட்டு 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நம் நாட்டில் வேறு பல ஊர்களிலும் அருட்பணியாளர் வாழ்ந்த பங்களாக்கள் நிற்கின்றன. சில நினைவு இல்லங்களாகியுள்ளன, சில இடிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பது நன்று. ஆனால் மான்ஸ்பெல்ட் முற்றத்தில் எழுப்பிய கேள்வியை இங்கும் எழுப்ப வேண்டும். சீகன்பால்குவுக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பனும், அவருடன் ஐரோப்பாவரை சென்று திரும்பிய மலையப்பனும் அவ்வீட்டின் கதையில் எவ்விடத்தில் நிற்கின்றனர்? அடுக்களையில் சமைத்தவரும் கிணற்றில் நீர் இறைத்தவரும் தமிழெழுத்தைக் கற்பித்த முதிய வாத்தியாரும் இல்லாமல் தமிழ் வேதாகமம் உண்டாகவில்லை. தனியொருவரின் வீடாக மட்டும் காட்டப்படும் வீடு, அரைகுறையான பிரசங்கமே.

பிரசங்கிகளாகிய நம் கையில் இருப்பவை பெரும்பாலும் கல்வீடுகள் அல்ல, சொற்களாலான வீடுகள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 31ஐ ஒட்டி லூத்தரையும், சபை ஆண்டுவிழாக்களில் முன்னோடிகளையும், அடக்க ஆராதனைகளில் மறைந்த பெரியோரையும் சொற்களால் கட்டி எழுப்பிச் சபையார் முன் காட்டுகிறோம். அங்கேயும் பழைய பாணியில் புதிய தளவாடங்களைச் செய்து வைக்கும் சோதனை உண்டு. கேட்போர் கண்ணீர் விடுவர் என்பதற்காக ஒரு கதை மெய்யாகிவிடாது. சபையார் வறியோராக இருக்கும்போது, நாயகரையும் வறியவராக்கினால் ஆறுதல் கிடைக்கும் என்று எண்ணுவது நல்ல நோக்கமே. ஆனால் இறைமக்களுக்கு ஆறுதல், நாயகரின் வறுமையிலிருந்து வருவதில்லை. நமக்காகத் தரித்திரரான ஒருவரிடமிருந்தே வருகிறது. அவரைப் பற்றிச் சொல்ல நமக்குக் கட்டுக்கதை வேண்டியதில்லை.

இறையியல் மாணவர்கள் வரலாற்றுத் திறனாய்வு முறைகளைக் கற்கும்போது, அவை விசுவாசத்தைக் குலைக்கும் என்று அஞ்சுவது உண்டு. மான்ஸ்பெல்ட் குப்பைக்குழி அவ்வச்சத்தை நீக்கப் போதுமானது. அது லூத்தரை நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. நாம் செய்து வைத்த லூத்தரையே பறித்துக்கொண்டது. எஞ்சியவர் நம்மோடு பேசத் தகுந்தவர். கடனும் செல்வமும் கலந்த வீட்டில் வளர்ந்து, தந்தையோடு முரண்பட்டு, மெய்யைக் கண்டு, சில இடங்களில் கொடிய தவறும் இழைத்து, முடிவில் வெறுங்கையோடு கிருபையின் வாசலில் நின்றவர் அவர்.

எனவே வரும் சீர்திருத்தத் திருநாளுக்கு அருளுரை ஆயத்தம் செய்யும் உடன் ஊழியர்கள், பழைய குறிப்பேட்டைத் திறக்குமுன் ஒருமுறை இம்மூன்று வீடுகளையும் நினைத்துப் பார்ப்பார்களாக. எரிந்த வீட்டின் இடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுந்ததையும், குப்பைக்குழி கட்டுக்கதையைத் திருத்தியதையும், பிழையான வீடு தன் பிழையை ஒப்புக்கொண்டதையும் சபையாருக்கு எடுத்துரைப்பார்களாக. சபையார் அதைத் தாங்குவர். நாம் எண்ணுவதைவிட அவர்கள் மெய்யைத் தாங்க வல்லவர்கள்.